ஆயிரம் மகள்மாரின் தாய்: உடுவில் வகுப்பறையில் எலைசா அக்னியூவின் நாற்பது ஆண்டுகள்

உடுவில் மகளிர் கல்லூரிக்கு 2024இல் 200 வயது நிறைந்தது. அந்தப் பாடசாலையின் வரலாறு பேசப்படும் இடங்களில் இரண்டு பெண்களின் பெயர்கள் தவறாமல் வரும். ஒருவர் அதைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ. மற்றவர் அதை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்திய எலைசா அக்னியூ. ஆயிரம் மகள்மாரின் தாய் என்ற அடைமொழி அக்னியூவுக்கு உண்டு. திருமணம் செய்யாத, சொந்தப் பிள்ளைகள் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் அவருடைய மாணவிகளால் வந்தது.

அந்த ஆயிரம் மகள்மாரும் வகுப்பில் எதைப் படித்தார்கள்? எந்த மொழியில் படித்தார்கள்? அதைத் தீர்மானித்தது யார்? அக்னியூவின் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தக் கேள்விகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளும், மிஷனரிமாரின் கல்விப் பணியை வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் பிள்ளைகளும் இன்று யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

ஒரு புவியியல் பாடவேளை

எலைசா அக்னியூ 1807இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். எட்டு வயதில் ஒருநாள் பாடசாலையில் புவியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. உலக வரைபடத்தை விரித்து வைத்திருந்த ஆசிரியர், இந்து சமுத்திரத்தில் மொரீசியஸ் தீவைத் தொட்டுக் காட்டினார். அங்கேதான் ஹாரியட் நியூவெல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்.

ஹாரியட் நியூவெல் அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் மிஷனரிக் குழுவில் கணவரோடு புறப்பட்ட இளம்பெண். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைத் தங்க விடவில்லை. அங்கிருந்து மொரீசியஸுக்குப் போனவர் 1812இல் 19 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு புத்தகமாக வந்து அன்றைய அமெரிக்கப் பெண்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டது. தானும் அப்படியொரு பணிக்குப் போகவேண்டும் என்று அந்த வகுப்பில் இருந்தபடியே எலைசா முடிவு செய்துகொண்டார்.

அந்தச் சிறுமிக்குத் தெரியாத இன்னொரு தொடர்பும் இதில் இருந்தது. மனைவியை மொரீசியஸில் அடக்கம் செய்த சாமுவேல் நியூவெல் அங்கிருந்து இலங்கைக்கு வந்தார். சில மாதங்கள் இங்கே தங்கி நிலைமைகளைப் பார்த்தபின், அமெரிக்க மிஷன் பணி செய்வதற்கு யாழ்ப்பாணம் ஏற்ற இடம் என்று பொஸ்டனுக்கு எழுதினார். அதன் விளைவாக 1816இல் முதல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினார்கள். ஆசிரியர் வரைபடத்தில் காட்டிய அந்தப் புதைகுழி இல்லாவிட்டால் உடுவில் பாடசாலையும் ஒருவேளை இருந்திருக்காது.

எட்டு வயதில் எடுத்த முடிவை நிறைவேற்ற எலைசாவுக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. அவர்கள் இருவரும் இறந்த பின்னரே அவரால் புறப்பட முடிந்தது. 1839இல் பொஸ்டனில் கப்பலேறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. அதன்பின் 43 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை.

அவர் வந்து சேர்ந்த உடுவில்

அக்னியூ வரும்போது உடுவில் பாடசாலைக்கு 16 வயது. ஹாரியட் வின்ஸ்லோவும் அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவும் 1820இல் உடுவிலில் குடியேறியிருந்தார்கள். மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1862இல் சென்னையில் வெளியான பெரிய தமிழ் – ஆங்கில அகராதி அவருடைய பெயரால்தான் இன்றும் அறியப்படுகிறது. ஹாரியட் 1824இல் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று அது பல இடங்களில் குறிப்பிடப்படுகிறது. 1833 ஜனவரியில், 36 வயதில், ஹாரியட் உடுவிலில் காலமானார். பாடசாலையை லீவை ஸ்போல்டிங்கும் அவருடைய மனைவி மேரியும் பொறுப்பெடுத்தார்கள்.

தொடக்க காலத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரிய பாடாக இருந்தது. எழுத்தறிவு பெண்ணுக்குத் தேவையில்லாத ஒன்று, அது கோயிலில் ஆடும் பெண்களுக்கு உரியது என்ற எண்ணம் ஊரில் வலுவாக இருந்தது. வேற்று மதத்தவரின் வளவில் சமைத்த உணவைப் பிள்ளை சாப்பிட்டால் சாதி கெட்டுப்போகும் என்ற பயமும் இருந்தது. இவற்றுக்கு மேலே, படித்த பெண்ணை யார் கட்டுவான் என்ற கேள்வியும் நின்றது.

இந்தக் கடைசிக் கேள்விக்கு மிஷன் கண்டுபிடித்த பதில் சீதனம். திருமணம் வரைக்கும் பாடசாலையில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தொகையைச் சீதனமாகக் கொடுப்பதாக மிஷன் பெற்றோருக்கு வாக்களித்தது. பெண் கல்விக்கு ஊரில் இருந்த மிகப் பெரிய தடையையே அவர்கள் தூண்டிலாக மாற்றினார்கள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த இளைஞர்களுக்கு உடுவிலில் படித்த பெண்கள் மனைவிமாராக வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. பெண்ணைப் படிப்பிப்பதற்கு அன்று சொல்லப்பட்ட முதன்மையான காரணம், நல்ல கிறிஸ்தவ மனைவியையும் தாயையும் உருவாக்குவது. காலப்போக்கில் நிலைமை மாறியது. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடத் தொடங்கின. பிறகு சீதனம் கொடுப்பது கைவிடப்பட்டது.

வகுப்பறையின் உள்ளே

அக்னியூ 1840களின் தொடக்கத்திலிருந்து 1879 வரை இந்தப் பாடசாலையின் பொறுப்பில் இருந்தார். திருமணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாகக் கடல் கடந்து வந்திருப்பது ஊராருக்கு விளங்கிக்கொள்ள முடியாத விடயமாக இருந்தது. அதுவரை அவர்கள் பார்த்த மிஷனரிப் பெண்கள் கணவரோடு வந்தவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள். பாடசாலைக்கு வெளியே வேறு குடும்பம் இல்லாததால் அக்னியூவின் முழு நாளும் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது.

விடுதியில் உடையும் உணவும் ஊர் வழக்கப்படியே இருந்தன. பிள்ளைகளை அமெரிக்கப் பெண்களாக மாற்றுவது நோக்கமாக இருக்கவில்லை. படிப்பின் நடுவில் வேதாகமம் இருந்தது. அதோடு தமிழ் வாசிப்பு, எழுத்து, இலக்கணம், கணக்கு, புவியியல், தையல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. முதல் முப்பது ஆண்டுகளில் ஆங்கிலமும் ஒரு பாடமாக இருந்தது.

அந்த வகுப்பறையில் தமிழ் வெறும் உதவி மொழியாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கிக்கொண்டிருந்தது. 1841இல் உதயதாரகை பத்திரிகை தொடங்கியது. 1842இல் மானிப்பாய் அகராதி என்று அறியப்படும் யாழ்ப்பாண அகராதி அச்சானது. உடுவிலிலேயே வாழ்ந்த ஸ்போல்டிங் தமிழில் கீர்த்தனைகளும் சிறு நூல்களும் எழுதினார். ஜோன் பனியனின் புகழ்பெற்ற ஆங்கில உருவகக் கதையான மோட்சப் பிரயாணத்தையும் அவர் தமிழாக்கினார். ஆங்கில இலக்கியம் இந்த மண்ணுக்கு முதலில் எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு பாதை இதுதான். ஷேக்ஸ்பியருக்கும் வேர்ட்ஸ்வேர்த்துக்கும் பல காலம் முன்னரே, ஒரு சமய நூலாக, தமிழ் உடுத்திக்கொண்டு அது உடுவில் வழியாக வந்தது.

அக்னியூவின் ஆசிரியப் பணி மணி அடித்தவுடன் முடிவதாக இருக்கவில்லை. விடுமுறைக் காலங்களில் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போவார். திருமணமாகி வேறு ஊர்களுக்குப் போன பிள்ளைகளைப் பார்ப்பார், அவர்களின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்வார். இதனால் அவரிடம் படித்தவர்களின் மகள்மாரும், சில குடும்பங்களில் பேத்திமாரும், அவருடைய வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஆசிரியையிடம் மூன்று தலைமுறைப் பெண்கள் படித்த வீடுகள் வலிகாமத்தில் இருந்தன. அவருடைய மாணவிகளில் பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். பலர் வீடு வீடாகப் போய் வேதாகமம் வாசித்துக் காட்டும் பணியில் சேர்ந்தார்கள். எழுத்து என்பதையே காணாத பல வீடுகளின் முற்றங்களுக்கு அதைக் கொண்டுபோனவர்கள் இந்தப் பெண்கள்தான்.

1855: ஆங்கிலம் எடுக்கப்பட்ட ஆண்டு

1855இல் பொஸ்டனிலிருந்து ஒரு தூதுக்குழு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதன் தலைவர் அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன். ஆங்கிலக் கல்விக்குச் செலவழிக்கும் பணம் மிஷனின் நோக்கத்துக்குப் பயன்படவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று அவர் கருதினார். உள்ளூர் மொழியில் கற்பித்து, உள்ளூர்ச் சபைகளுக்கு உள்ளூர்ப் போதகர்களை உருவாக்குவதே வேலை என்றார்.

விளைவு, வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவில் மூடப்படவில்லை. ஆனால் பிள்ளைகளின் தொகை குறைக்கப்பட்டது, பாடத்திட்டத்திலிருந்து ஆங்கிலம் எடுக்கப்பட்டது. அதன்பின் அக்னியூ நடத்தியது தமிழ்மொழிப் பாடசாலை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று நாங்கள் இன்றும் சொல்கிறோம். அண்டர்சன் சொன்னதும் மேலோட்டமாகப் பார்த்தால் அதுதான். அதே காலத்தில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். தமிழில் எதையும் கற்பிக்க முடியும் என்று அவர் செய்து காட்டினார். உடுவிலிலும் தமிழில் நன்றாக வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கவும் தெரிந்த ஒரு பெண்கள் கூட்டம் உருவானது.

ஆனால் ஆங்கிலம் இழந்ததன் விலை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. செமினரி மூடி இரண்டு ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். ஆங்கிலம் ஆண்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை ஊர் கண்ணால் கண்டது. ஆகவே செமினரியின் பழைய மாணவர்கள் விடாமல் முயன்றார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. ஆண்களுக்கான ஆங்கிலக் கல்வி 17 ஆண்டுகளில் திரும்பி வந்துவிட்டது.

பெண்களுக்காக அப்படிக் குரல் எழுப்ப வலுவான பழைய மாணவர் கூட்டம் இருக்கவில்லை. அன்று பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. எனவே ஆங்கிலம் அவளுக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பொஸ்டனிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைத்த பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நிறம், மதம், கடல் எல்லாவற்றாலும் பிரிந்திருந்த ஆண்கள் இந்த ஒரு விடயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த முடிவை எடுத்த எந்த இடத்திலும் அக்னியூவின் மாணவிகள் இருக்கவில்லை.

பெயர்கள்

அக்னியூவின் கதையில் கவனிக்கவேண்டிய இன்னொன்று பெயர்கள். மிஷன் பாடசாலைகளில் பல பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணம் கொடுப்பவர் தான் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். இறந்துபோன தங்கள் மகளின் பெயரையோ, மதிப்புக்குரிய போதகரின் பெயரையோ, தங்கள் சொந்தப் பெயரையோ அவர்கள் தெரிவு செய்தார்கள். அந்தப் பெயரில்தான் பிள்ளை பாடசாலைப் பதிவுகளில் இருந்தது.

செமினரியில் படித்த ஆண்களுக்கும் இது நடந்தது. விசுவநாதபிள்ளைக்கு முன்னால் நிற்கும் கறோல் அப்படி வந்தது. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு முன்னால் நிற்கும் ஆணல்ட் அப்படி வந்தது. ஆனால் இவர்கள் எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், நூல்களில் தங்கள் தமிழ்ப் பெயர்களைப் பதித்தார்கள். எனவே இரண்டு பெயர்களும் எங்களுக்குக் கிடைத்திருக்கின்றன.

உடுவிலில் படித்த பெண்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பாடசாலையில் நன்கொடையாளர் வைத்த பெயர். பிறகு இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். வீட்டில் கூப்பிட்ட பெயர் பல இடங்களில் எங்குமே எழுதப்படவில்லை. ஆயிரம் மகள்மாரின் தாய் யார் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மகள்மாரில் எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்?

அக்னியூவின் பணியைப் புகழ்ந்து எழுதியவர்கள் பெருமையாகச் சொல்லும் இன்னொரு விடயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அவருடைய பாடசாலையில் படிப்பை முழுமையாக முடித்த எந்தப் பிள்ளையும் கிறிஸ்தவராகாமல் வெளியேறவில்லை என்பதே அது. இப்படி 600க்கும் மேற்பட்டோர் சபையில் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு அது வாழ்நாள் வெற்றி. சைவக் குடும்பங்களுக்கு அது வாழ்நாள் அச்சம். எழுத்தறிவுக்கான விலை மதம் மாறுவதாக இருக்கக்கூடாது என்ற எதிர்ப்பிலிருந்துதான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். சைவப் பெண்களுக்கென ஒரு விடுதிக் கல்லூரி வருவதற்கு இன்னும் 65 ஆண்டுகள் பிடித்தன. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் அதை நிறுவிய இடம் மருதனார்மடம், உடுவிலிலிருந்து கூப்பிடு தூரம். அக்னியூவின் பாடசாலை இருந்திராவிட்டால் அந்தக் கல்லூரியின் தேவை அவ்வளவு கூர்மையாக உணரப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சாதியையும் விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகள் எல்லோருக்கும் திறந்திருந்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் விடுதிகளில் தங்கிப் படித்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளாளக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். யார் யாரோடு இருந்து சாப்பிடுவது என்ற பிரச்சினை மிஷனரிமாரை மீண்டும் மீண்டும் சோதித்தது. உடுவிலின் கதவு திறந்தபோது எல்லாப் பெண்களுக்கும் சமமாகத் திறக்கவில்லை.

கடைசி ஆண்டுகள்

1879இல், 72 வயதில், அக்னியூ ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் பாடசாலையை சூசன் ஹௌலண்ட் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மிஷனரி ஒருவரின் மகள் அவர். அக்னியூ மானிப்பாயில் மேரி, மாகரெட் லீச் என்ற இரு சகோதரிகளோடு தன்னுடைய கடைசி ஆண்டுகளைக் கழித்தார். பிற்காலத்தில் இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் மருத்துவமனை உருவாவதற்கு நிதி திரட்டியவர்கள் இந்தச் சகோதரிகள்தான். அக்னியூவைப் பற்றி இன்று எங்களுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்கள் எழுதி வைத்த நூலிலிருந்து வந்தது. 1883 ஜூனில், 76 வயதில், அக்னியூ இறந்தார். நியூயோர்க்கில் பிறந்த அவர் தன் வாழ்நாளின் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை வலிகாமத்தில் வாழ்ந்து முடித்திருந்தார்.

உடுவில் பின்னர் ஆங்கிலத்தையும் கற்பித்தது, பல்கலைக்கழகத்துக்கும் பெண்களை அனுப்பியது. காலப்போக்கில் அதிபர் கதிரைக்கு எங்கள் மண்ணின் பெண்களே வந்தார்கள்.

மீண்டும் வகுப்பறைக்கு

மிஷனரிமார் கல்விக்கு ஆற்றிய தொண்டு என்ற தலைப்பில் ஐந்து குறிப்புகளை எழுதிப் பாடமாக்கிய தலைமுறையைச் சேர்ந்தவள் நான். பாடசாலைகளின் பெயர், தொடங்கிய ஆண்டு, நிறுவுநர். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. உடுவிலில் ஆங்கிலம் ஏன் நிறுத்தப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. சீதனம் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்த்த கதையை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த பாதிப் பேராவது விழித்திருப்போம். ஏனென்றால் சீதனம், மொழி, மதம், சாதி என்று அக்னியூவின் வகுப்பறையைச் சூழ்ந்திருந்த எதுவும் எங்கள் வீடுகளிலிருந்து இன்னும் வெளியேறவில்லை.

அக்னியூவின் வாழ்க்கையை ஒரு புனிதரின் கதையாகச் சொல்வது சுலபம். ஒரு காலனித்துவ முகவரின் கதையாகச் சொல்வதும் சுலபம். இரண்டையும்விடக் கடினமானது அவரை ஒரு ஆசிரியையாகப் பார்ப்பது. மேலிடத்திலிருந்து வந்த பாடத்திட்ட மாற்றத்தின் பின்னும் அவர் வகுப்பை நடத்திக்கொண்டே இருந்தார். தான் நம்பிய மதத்தைப் பிள்ளைகளிடம் அழுத்தமாகத் திணித்தார். அதே கையால் அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தார். எழுத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதை முழுதாகக் கட்டுப்படுத்த எந்த ஆசிரியராலும் முடிவதில்லை.

உடுவில், மானிப்பாய், சண்டிலிப்பாய், தெல்லிப்பழை, சுன்னாகம் பக்கங்களில் உள்ள பல வீடுகளில் உடுவிலில் தங்கிப் படித்த ஒரு பூட்டியின் கதை இன்னும் பேசப்படுகிறது. பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்திலோ, காணி உறுதியின் அடியில் உள்ள கையெழுத்திலோ, அவருடைய பெயர் இருக்கக்கூடும். வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு தவணைக்கு ஒரு செயற்றிட்டமாக, பிள்ளைகளை வீட்டில் விசாரித்து அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம். பாடசாலையில் வைத்த பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதட்டும். ஆயிரம் பெயர்கள் கிடைக்கப் போவதில்லை. கிடைக்கும் பத்துப் பெயர்களே இதுவரை இருந்த பாடக்குறிப்பை மாற்றப் போதுமானவை.